120/80: வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் வார்டைக் கையில் வைத்திருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும், பிரதர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருக்கும் நர்சிங் சூப்பிரண்டுகளுக்கும் வணக்கம்.

நான் உங்களில் ஒருத்திதான். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1996ல் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவில் சேர்ந்தேன். முடித்துவிட்டு 15 வருஷம் வார்டில் நின்றேன். அப்புறம் டிப்ளமோக்காரர்களுக்கான போஸ்ட் பேசிக் பட்டப்படிப்பு படித்து, இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர். காலை ஏழு மணிக்கு உங்கள் வார்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு வந்து நிற்கும் பொம்பளைகளில் நானும் ஒருத்தி. எங்களைப் பார்த்ததும் "வந்துட்டாங்களா" என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. அதைப் பிறகு பேசுவோம். முதலில் என்னுடைய பழைய திருட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வருஷம், ஆண்கள் மெடிக்கல் வார்டு. ஆறு பெட்டுக்கு பி.பி. பார்த்து எழுதச் சொன்னார்கள். பாதரச மெஷின். கஃப் கட்டினேன், பல்பை அழுத்தினேன், முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஃபேன் சத்தம், பக்கத்து பெட்டில் இருமல், காதுக்குள் என் நெஞ்சே அடித்துக்கொள்ளும் சத்தம், அவ்வளவுதான். கேட்க ஆரம்பிக்கும் இடம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு என்று நோட்டில் இருக்கிறது. அந்தச் சத்தத்தை 1905ல் கண்டு சொன்னவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய டாக்டர் என்பது உட்பட எல்லாம் மனப்பாடம். காதுக்குத்தான் எதுவும் எட்டவில்லை.

இன்சார்ஜ் சிஸ்டர் பத்தடி தூரத்தில் மேஜையில் இருந்தார். போய், "கேக்கலைங்க சிஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் என் செட் பிள்ளை ஒருத்தி டெம்பரேச்சர் சார்ட்டில் புள்ளியை மாற்றி வைத்துவிட்டாள் என்று, நாற்பது நோயாளிகளும் அவர்கள் ஆட்களும் பார்க்க, "நீயெல்லாம் பத்தாவது பாஸ் பண்ணித்தான் வந்தியா?" என்று கேட்டு, கேஸ் ஷீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கியிருந்தார். எனக்குக் கால் எழவில்லை. முதல் பெட்டுக்கு 120/80 என்று எழுதினேன். இரண்டாவதுக்கும் அதேதான். மூன்றாவதுக்கு 130/80. கொஞ்சம் மாற்றி எழுதினால்தானே நம்புவார்கள்!

நாலாவது பெட்டில் கொடுமுடிப் பக்கத்துத் தாத்தா ஒருவர். இரண்டு நாளாக வாந்தியும் பேதியும் ஆகி வந்தவர். அவருக்கு 110/70 போட்டேன். அரை மணி நேரம் கழித்து டூட்டி டாக்டர் வந்து பார்த்தபோது 80/50. உடனே இன்னொரு லைன் போட்டு சலைனை வேகமாக ஓட விட்டார்கள். தாத்தா பிழைத்துக்கொண்டார். அரை மணியில் பிரஷர் இறங்கிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அந்த சிஸ்டர் கெட்டவர் இல்லை. கைராசிக்காரர். எந்த நரம்பிலும் ஒரே குத்தில் வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஊசிக்குழாய், ஏற்றுவார். நோயாளிக்கு ஒன்று என்றால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு ஓடுவார். ஆனால் அவர் வார்டில் ஆறு வாரம் இருந்து நான் தேறினது ஒரு வித்தையில்தான்: தெரியாததை மறைப்பது. மறைக்கத் தெரிந்த கையில் நோயாளி மாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தாத்தா காட்டிவிட்டார். இந்த மடலில் நான் சொல்ல வருவதும் அதையேதான். பிள்ளைகள் மேல் இரக்கம் காட்டச் சொல்லி இதை எழுதவில்லை. உங்கள் சார்ட்டில் இருக்கும் எண் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அடுத்த போஸ்டிங் சர்ஜிக்கல் வார்டு. அங்கே பல்லடத்துக்காரர் ஒருவர் ஸ்டாஃப். நான் கஃப் கட்டிவிட்டு விழிப்பதைப் பார்த்தார். "கேக்கலியா கண்ணு? எனக்கும் ரொம்ப நாளைக்குக் கேக்கலை" என்றார். ஸ்டெதஸ்கோப்பை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, என் இரண்டு விரலை எடுத்து நோயாளியின் முழங்கையில் நாடி துடிக்கும் இடத்தில் வைத்தார். "இங்கதான் வைக்கணும். நீ ரெண்டு விரக்கடை தள்ளி வச்சிருக்கே." அப்புறம் கஃபை ஏற்றச் சொன்னார். விரலுக்கு நாடி மறைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் இன்னும் 30 ஏற்றி, மெதுவாக விடச் சொன்னார். "உசுரு போற மாதிரி விட்டேன்னா எங்கே கேக்கும்?" வார்டில் யாருக்கு நன்றாக தம் தம் என்று கேட்கும் என்று தேடி, ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்த ஒரு வாட்டசாட்டமான ஆளிடம் கூட்டிப்போய், "இவருகிட்டக் காதைப் பழக்கு" என்றார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் நான் பார்த்த ஆயிரக்கணக்கான பி.பி.யும் அந்தப் பத்து நிமிஷத்தில் வந்ததுதான்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சிலபஸ், ஒரே பிள்ளை. வார்டுதான் வேறு.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். கோவையைச் சுற்றிலும், பெருந்துறையிலிருந்து சேலம் வரைக்கும், எங்கே திரும்பினாலும் நர்சிங் கல்லூரி. பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் ஒரே காலையில் மூன்று கல்லூரி பஸ் வந்து நிற்கும். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. சில நாளில் நம் வார்டில் அது தலைகீழாகி, ஒரு நோயாளிக்கு மூன்று மாணவி. போன மழைக்காலத்தில் ஒரு அம்மா கையை நீட்டாமல் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னார்: "காலைல இருந்து இது ஏழாவது தடவைங் அம்மிணி. கையே மரத்துப் போச்சுங்." ஏழு பேர் கட்டி எடுத்தார்களே, அதில் எத்தனை பேர் எழுதினது நிஜமான அளவு என்று எனக்கு உடனே ஒரு சந்தேகம். என் பழைய புத்தி அப்படி.

எங்கள் ஆட்கள் மேலும் தப்பு இருக்கிறது. பிள்ளைகளை வார்டில் இறக்கிவிட்டு, கேன்டீனிலோ டூட்டி ரூமிலோ உட்கார்ந்து கேர் பிளான் நோட்டுத் திருத்தும் டியூட்டர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நானும் திருத்தியிருக்கிறேன். நிர்வாகம் எங்களிடம் கேட்பதெல்லாம் லாக் புக்கில் கையெழுத்து நிறைந்ததா என்பதைத்தான். கை பழகினதா என்று கேட்பதில்லை. நீங்களும் உங்கள் வேலைக்கு நடுவில் நிற்கிறீர்கள். நைட்டில் முழு வார்டுக்கும் ஒரே ஸ்டாஃப். காலையில் வந்தால் ஓவர் எடுக்க வேண்டும், அதாவது நைட் ஸ்டாஃபிடம் நோயாளிகளின் நிலவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அப்புறம் ரவுண்ட்ஸ், மருந்துக்கு இன்டென்ட், ஸ்டாக், ஆடிட்டுக்கு ஃபைல். பக்கத்தில் நிற்கும் ஸ்டாஃபுக்குத் தொகுப்பூதியம், அந்தக் கவலை வேறு. இதற்கு நடுவில் முன்பின் தெரியாத பன்னிரண்டு பிள்ளைகள். "சொல்லிக்குடுக்க எனக்கா சம்பளம் தர்றாங்க?" என்று ஒரு சிஸ்டர் நேரடியாகவே கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சூப்பிரண்டுகள். அம்மா, ரோஸ்டர் போடும்போது, மாணவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாஃபுக்கு அன்றைக்கு இரண்டு பெட் குறைத்துக் கொடுங்கள். வருஷக் கடைசியில் அவர் ஃபைலில் ஒரு வரி எழுதுங்கள். மே 12 அன்று கேக் வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அந்த நைட்டிங்கேல் அம்மா 1860ல் லண்டனில் ஆரம்பித்த பள்ளியிலேயே பிள்ளைகளை வார்டில் பழக்கினது வார்டு சிஸ்டர்கள்தான். மேடையில் இதைச் சொல்லுங்கள், ஸ்டாஃப் முகம் நிமிரும்.

தனியார் ஆஸ்பத்திரியில் கதை வேறு. அங்கே கூட்டம் இல்லை. அங்கே பிள்ளைகள் ஆள்கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே நிர்வாகம் என்றால் கேட்கவே வேண்டாம். பார்மசிக்கு ஓடு, சாம்பிளை லேப்புக்குக் கொண்டு போ, பில் கவுன்டரில் ஃபைல் கொடு, டிஸ்சார்ஜ் ஆனவருக்கு வீல்சேர் தள்ளு. மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தியிடம் ஒருநாள், "ஏழாவது பெட்டுக்கு லேசிக்ஸ் எதுக்குப் போகுது?" என்று கேட்டேன். மூத்திரத்தைப் பிரிய வைக்கும் மருந்து அது. தெரியவில்லை. ஆனால் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நிற்காது, பார்மசியில் எந்த அண்ணன் சீக்கிரம் கொடுப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. இங்கிலாந்தில் மாணவிகளை வார்டின் ஆள்கணக்கில் சேர்க்கவே கூடாது என்று விதி இருக்கிறது. அவள் வராத நாளில் வார்டு தடுமாறினால், அங்கே அவள் மாணவியாக இல்லை என்று அர்த்தம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெட்பான் வைப்பதும், உடம்பு துடைத்துவிடுவதும், படுக்கை விரிப்பதும் ஆயா வேலை என்று மூக்கைச் சுருக்கும் பிள்ளையை நானே திட்டுவேன். பெட்பானில்தான் மலம் தார் மாதிரிக் கறுத்துப் போயிருப்பது தெரியும். அப்போதுதான் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகம் வரும். முதுகைத் துடைக்கும்போதுதான் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து கிடப்பது தெரியும். இன்றைக்குப் பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்தால் சிவப்போடு போகும், விட்டால் அடுத்த வாரம் புண். இதெல்லாம் படிப்பு. பில் கவுன்டர் வரிசை எந்த செமஸ்டரிலும் இல்லை.

இப்போது ஊசிக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

சில வருஷம் முன்னால், ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். ஈவினிங் போஸ்டிங்கில் என் பிள்ளை ஒருத்தி இன்சுலின் போட்டுவிட்டு, ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய், இடது ஆள்காட்டி விரலில் குத்திக்கொண்டாள். மூடி போடக் கூடாது என்று வகுப்பில் நூறு தடவை சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த வார்டில் ஸ்டாஃபே மூடி போடுவதைத்தான் அவள் தினமும் பார்த்தாள். பிள்ளைகள் நம் வாயைப் பார்த்துக் கற்பதில்லை, கையைப் பார்த்துத்தான் கற்கிறார்கள். விரலைக் கழுவி, மைக்ரோபோர் ஒட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள். காரணம், அதற்கு முந்தின வாரம் அதே வார்டில் ஊசி மருந்து இருக்கும் கண்ணாடிக் குப்பி, ஒரு ஆம்பியூல், உடைந்ததற்கு இன்னொருத்தியை ஒரு மணி நேரம் நிற்க வைத்து, காசும் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஸ்டாஃப் கையில் உடைந்தால் ஸ்டாக்கில் எழுதி முடித்துவிடுவார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இரண்டு நாள் கழித்து, இரவு கல்லூரி பஸ்ஸில், அவிநாசி நெருங்கும்போது என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஏதோ பொது அறிவுக் கேள்வி மாதிரி கேட்டாள்: "மேம், எச்.ஐ.வி. இருக்கறவங்க ஊசி குத்துனா எத்தனை நாள்ல தெரியும் மேம்?" அவள் விரலைப் பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, அவளை இறக்கி, எதிர்ப்பக்கம் கோவைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், ஆனாலும் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவரின் ஊசி குத்தினால் தொற்றுவது சுமார் 1000ல் 3 பேருக்கு. மஞ்சள் காமாலை பி வகை என்றால், தடுப்பூசி போடாதவர்களில் 100க்கு 30 பேர் வரைக்கும் போகும். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரை உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் ரொம்ப நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பயனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். என் பிள்ளை 48 மணி நேரத்தைத் தூக்கமில்லாமல் தனியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த நோயாளிக்கு ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. எங்கள் நல்ல நேரம். அவள் வாய் திறக்க இன்னும் ஒரு நாள் ஆகியிருந்தால்? ரத்தத்தில் ஏதாவது இருந்திருந்தால்? அந்த 72 மணி நேரத்தில் நமக்கு மிச்சம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது வைரஸ் இல்லை. ஒரு உடைந்த ஆம்பியூலுக்கு வார்டு என்ன செய்தது என்பதுதான்.

அதிலிருந்து நான் புது செட்டை வார்டுக்குக் கூட்டி வரும்போது, யூனிஃபார்ம், கொண்டை, நகம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசியைத்தான் சொல்கிறேன். குத்தினால் சோப்புத் தண்ணீரில் கழுவு, பிதுக்காதே, அந்த நிமிஷமே சொல், உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கடைசி வாக்கியத்துக்கு உத்தரவாதம் நான் தர முடியாது, நீங்கள்தான் தர முடியும். முதல் நாள் ஓவர் முடிந்ததும் உங்கள் வாயால் ஒரு தடவை அவர்களிடம் சொல்லுங்கள். நான் பத்துத் தடவை சொல்வதும் நீங்கள் ஒரு தடவை சொல்வதும் ஒன்றில்லை.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது. பின்லாந்தில் சாரிகோஸ்கி என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும், மாணவிகள் வார்டில் எப்படிக் கற்கிறார்கள் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 2002ல் வந்தது. அப்புறம் பல நாடுகளில் மொழிபெயர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பெரிய பெரிய கேள்விகள் இருக்கும் என்று நினைத்துத்தான் நான் படித்தேன். அதில் ஒரு கேள்வி, வார்டு ஆட்கள் மாணவியைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்தார்களா என்பது. இன்னொன்று, டூட்டி ஆரம்பிக்கும்போது அந்த வார்டுக்குப் போக மனசு இயல்பாக இருந்ததா என்பது. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. "ஏ ஸ்டூடன்ட்", "அந்த ப்ளூ யூனிஃபார்ம் புள்ள", "யாரும்மா அங்கே சும்மா நிக்கறது". இதுதானே நம் வார்டில் அவர்கள் பெயர்?

தாளவாடி மலையிலிருந்து வந்த ஒரு பிள்ளை. வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ். பேச்சில் கன்னட வாடை அடிக்கும் என்பதால் வாயே திறக்க மாட்டாள். மந்தம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், சொல்லப்போனால் நானும்தான். எலும்பு வார்டில், சாம்ராஜ்நகர் பக்கத்துப் பாட்டி ஒருவர், ஆபரேஷன் முடிந்து மறுநாள். இரவெல்லாம் கத்திக்கொண்டே இருந்திருக்கிறார், டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். ஒத்துழைக்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதி, தூக்கத்துக்கு ஊசி கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை பக்கத்தில் போய்க் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டது. பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ராத்திரியிலிருந்து மூத்திரம் வரவில்லை, அடிவயிறு வெடிக்கிற மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். மூத்திரக் குழாய் (கதீட்டர்) போட்டதும் பாட்டி தூங்கிப்போனார். அன்றைக்குத்தான் இன்சார்ஜ் சிஸ்டர் அவளிடம் கேட்டார், "உன் பேரென்ன கண்ணு?" போஸ்டிங் ஆரம்பித்து பதினெட்டாவது நாள். அடுத்த வாரம் முழுக்க அவள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

(திருப்பூரில் போஸ்டிங் போகும் பிள்ளைகள் இப்போது டைரியின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் இந்தி எழுதி வைத்திருக்கிறார்கள். தர்த் என்றால் வலி, பானி தண்ணீர், பிஷாப் மூத்திரம், சாஸ் மூச்சு. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் அந்த நாலு வார்த்தை என்ன வேலை செய்கிறது தெரியுமா? சிலபஸில் இல்லாததை அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.)

இன்னொன்று கேட்க வேண்டும். ஏழு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, ஒரு சுற்று நடந்து, நீங்கள் பதினாலாவது பெட்டில் நின்றுவிடுவீர்கள். "இவரு முகம் சரியில்லையே, சாச்சுரேஷன் பாரு" என்பீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்த்தால் 88 இருக்கும், குறைவு. நாங்கள் வாயைப் பிளப்போம். அமெரிக்காவில் பேட்ரிஷியா பென்னர் என்ற நர்ஸ் 1984ல் இதைத்தான் விளக்கினார். புதிதாக வருபவரிலிருந்து கைதேர்ந்தவர் வரை ஐந்து படி. புதியவருக்கு விதி மட்டும்தான் தெரியும், எண்ணைத்தான் பார்ப்பார். கைதேர்ந்தவர் ஆளையே முழுசாகப் பார்ப்பார், விதியைத் தேட மாட்டார். விமானிகளையும் சதுரங்கக்காரர்களையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் சொன்னதை அவர் நர்சிங்குக்குப் பொருத்திப் பார்த்தார். இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது உங்களுக்கே சட்டென்று சொல்ல வராது. "பார்த்தாலே தெரியுது" என்பீர்கள். பிள்ளைக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும்.

கொஞ்சம் நின்று யோசித்தால் சொல்ல வரும். முந்தாநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இன்றைக்குச் சுவரைப் பார்க்கிறார், பேசும்போது வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குகிறார், தோள் ஏறி இறங்குகிறது, தலையணையை இரண்டாக்கிச் சாய்ந்திருக்கிறார். இந்த நாலையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. நடக்கும்போதே, கை வேலை செய்யும்போதே, மனசில் ஓடுவதைச் சத்தமாகச் சொன்னால் போதும். பக்கத்தில் நிற்பவள் பொறுக்கிக்கொள்வாள். இதை எந்த டியூட்டராலும் தர முடியாது, ஏனென்றால் அந்த நோயாளியை முந்தாநாளும் பார்த்தது நீங்கள்தான், நான் இல்லை.

இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. பிள்ளைகளை வார்டுக்குப் பொதுவாக விடாமல், இரண்டு பேரை ஒரு ஸ்டாஃபோடு கோர்த்துவிடுங்கள். போஸ்டிங் முடியும் வரை அந்த அக்காவோடுதான். அவர் ஓவர் எடுக்கும்போது இவர்கள் பக்கத்தில் நிற்கட்டும். நம் ஊரில் ஓவர் நேரத்தில் மாணவிகளை "போய் பெட் போடுங்க" என்று அனுப்பிவிடுகிறோம். ராத்திரி என்ன நடந்தது, எதைக் கவனிக்க வேண்டும் என்று மொத்த வார்டும் இருபது நிமிஷத்தில் பேசி முடிவது அப்போதுதான். மூன்றாவது நாளிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றி இரண்டு வாக்கியம் அவளே சொல்லட்டும். உளறுவாள். நாலாவது நாள் கொஞ்சம் குறைவாக உளறுவாள்.

சந்தேகம் கேட்கும் ஆளும் மார்க் போடும் ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2018ல் விதியையே இப்படி மாற்றினார்கள். பக்கத்தில் நின்று பழக்குபவர் ஒருவர், மதிப்பெண் போடுபவர் வேறொருவர். மார்க் போடுபவரிடம் போய் "எனக்குக் கேக்கலை" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? இங்கே மார்க் எங்கள் பாடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். திட்ட வேண்டிய நேரத்தில் திட்டுங்கள். தப்பான பெட்டுக்கு மருந்து எடுத்துப் போகிறவளைக் கொஞ்சிக்கொண்டிருக்க முடியாது, கையைப் பிடித்து நிறுத்துங்கள். அப்புறம் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டு வைத்துத் திட்டுங்கள். நோயாளி முன்னால் வேண்டாம். நாளைக்கு அதே நோயாளிக்கு அவள்தான் ஊசி போட வேண்டும், அவர் கை நீட்ட வேண்டாமா?

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஹாஸ்டலில் பாதி வெந்த உப்புமாவோடு கிளம்பும் பிள்ளைகள் இவர்கள். மதியம் ஒரு மணி வரைக்கும் நிற்கிறார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்டால் "ஸ்டாஃபுக்கு மட்டும்" என்று பூட்டு. போகக் கூடாதே என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து, மூத்திரக் கடுப்பு வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு மூத்திரம் போனார் என்று இன்டேக்-அவுட்புட் சார்ட் எழுதும் பிள்ளைக்கு ஒரு சாவி கொடுப்பதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

வரும் திங்கட்கிழமை உங்களில் ஒருவர் வார்டுக்கு முதல் வருஷப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டி வருகிறேன். போட்டோவோடு பெயர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து தருகிறேன். ஆளுக்கு ஒரு நோயாளி என்று பிரித்து, ஒருவருக்கு ஒரே தடவைதான் பி.பி. என்று நானே நின்று பார்த்துக்கொள்கிறேன். டூட்டி ரூமில் உட்கார மாட்டேன். அவர்களில் இரண்டு பேருக்கு இன்னும் சரியாகக் காது பழகவில்லை. யார் என்று சொல்ல மாட்டேன். சார்ட்டில் வரிசையாக மூன்று 120/80 வந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அப்புறம், ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு காலி ஷெல்ஃப் இருந்தால் சொல்லுங்கள் சிஸ்டர், பைகளை அங்கே வைத்துக்கொள்கிறோம். வராந்தாவில் வைத்தால் உங்கள் டிராலிக்கு இடைஞ்சல்.

இப்படிக்கு,
காலை ஏழு மணிக்கு வாசலில் நிற்கும் டியூட்டர்களில் ஒருத்தி,
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்